கப்பலுக்குள் இருந்த வெளிச்சம்

இப்போது உங்கள் போன்களே அதைச் செய்துவிடுகின்றன. வெயிலில் நிற்கும் ஆளும், அவருக்குப் பின்னால் இருட்டில் கிடக்கும் அறையும் ஒரே படத்தில் தெளிவாக விழுகின்றன. மூலையில் எச்.டி.ஆர். என்று சின்ன எழுத்து வரும். அதை நீங்கள் கவனிப்பதுகூட இல்லை. நான் வேலை செய்த காலத்தில் அதைக் கையால் செய்ய வேண்டியிருந்தது. அப்படிச் செய்தபோதுதான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய பிழையை விடப் பார்த்தேன். பத்திரிகைக்குப் படம் எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். நான் ஹட்டனில் இருந்துகொண்டு கொழும்பில் வெளிவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் படம் எடுத்து வந்தேன். அந்த வருடம் மழை பிந்தியது. ஹட்டனிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் உள்ள நீர்த்தேக்கம் ஒன்று, அது கட்டப்பட்ட பிறகு யாரும் பார்த்திராத அளவுக்கு வற்றியது. எதிர்க்கரைத் தோட்டத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணே, கப்பல் மேல வந்துருச்சு. வந்து பாருங்க" என்றார். நாலாயிரம் அடி உயரத்தில் கப்பலா என்று நினைத்துக்கொண்டே முதல் பஸ்ஸில் ஏறினேன்.

வளைவைக் கடந்து கரைக்கு இறங்கியதும் நின்றுவிட்டேன். பத்திரிகை வேலையில் வெள்ளம், மண்சரிவு, தீ எல்லாம் பார்த்தவன் நான். இதற்கு எதுவும் என்னைத் தயார்ப்படுத்தியிருக்கவில்லை.

தண்ணீர் இருந்த இடத்தில் ஒரு பள்ளத்தாக்கு கிடந்தது. அணை கட்டுவதற்கு முன் அது தேயிலை மலை. செடிகளின் அடிக்கட்டைகள் வரிசை பிசகாமல், சாம்பல் நிறத்தில், ஆயிரக்கணக்கில் நின்றன. மழைநீர் ஓட வெட்டிய கான்கள் அப்படியே இருந்தன. ஒரு பாலமும் இரண்டு கற்படிகளும் இருந்தன. இவற்றுக்கு நடுவில், தேயிலை வரிசைகளுக்குக் குறுக்காக, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது இரும்புப் படகு. முப்பது அடி நீளம் இருக்கும். துருப்பிடித்த செந்நிறம். மேலே தெளிந்த நீலம். பேச்சு தானாகவே தாழ்ந்துபோகும் இடங்கள் சில உண்டு. அது அப்படி ஓர் இடம். கடலில் உடைந்த கப்பலைப் பார்த்தால் அதன் விதி விளங்கும். ஒரு தேயிலை மலையின்மேல் கப்பல் மூழ்கிக் கிடந்ததைக் காணும்போது மனம் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறது.

கிட்டப் போக முடியவில்லை. மேலே வெடித்த பொருக்கு, கீழே இடுப்பளவு களி. முந்திய வாரம் ஒரு பசு இறங்கிப் புதைந்திருந்தது. முப்பது யார் தூரம் தள்ளி, கெட்டியான தரையில் முக்காலியை ஊன்றினேன்.

சிக்கல் இதுதான். படகின் பின்பகுதியில் இயந்திரம் வைத்த மூடிய அறை இருந்தது. அதன் வாசல் என்னைப் பார்த்துத் திறந்திருந்தது, உள்ளே கறுப்பு. வெளியே கண் கூசும் காலை வெயில். வானத்துக்கு அளவு வைத்தால் படகு நிழலாகிறது. உள்ளே தெரிய அளவு வைத்தால் வானமும் மலையும் வெந்து வெள்ளையாகின்றன. ஆகவே கமராவை அசைக்காமல் ஏழு படம். முதலாவது வானத்துக்கு, ஏழாவது, பல விநாடிகள் திறந்து வைத்தது, அந்த அறைக்குள் இருக்கும் இருட்டுக்கு. பிறகு கணினியில் ஏழையும் ஒன்றாக்க வேண்டும்.

கரையில் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் வழியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடைகளோடு நின்றுவிட்டார்கள்.

"ஏங்கண்ணே, நானும் பாக்குறேன், ஒரே படத்தையே புடிச்சுகிட்டு இருக்கீங்க" என்றாள் ஒருத்தி. "அது எங்கயும் ஓடாதுண்ணே."

"ஓடுனது கப்பலா? அத ஓட்டுனவருல்ல ஓடுனாரு" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு எழுந்தது.

சிரிக்காமல் நின்ற ஒரு பெண் திரும்பினாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். "ஓன் புருசன் ஓடாம லயத்துலயே குந்திகிட்டு என்னத்தக் கிழிச்சுட்டாரு? சொல்லு, கேப்போம்."

இப்போது சிரிப்பு மற்றப் பக்கம் திரும்பியது. அவர்கள் போன பிறகும் அவள் நின்றாள். பெயர் செல்வமணி. படகோட்டி ராமையாவின் மகள். படகு மூழ்கியபோது அவளுக்கு ஒரு வயது.

நடந்ததை அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டேன். அணை வந்த பிறகு தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. இந்தக் கரையில் பறித்த கொழுந்து அந்தக் கரைத் தொழிற்சாலைக்குப் படகில் போகும். பெண்கள் நனையாமல் முன்னால் உட்கார்வதற்காகக் கொழுந்து மூட்டைகளைப் பின்னால் அடுக்குவது வழக்கம். எத்தனை மூட்டை என்று எண்ணுவார்களே தவிர, மழையில் நனைந்த கொழுந்தின் பாரத்தை யாரும் நினைக்கவில்லை. அடைமழை நாள் ஒன்றில் பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் ஏறியது. முன்னால் இருந்த எட்டுப் பெண்களும் ஆழம் குறைந்த பக்கம் குதித்துத் தப்பினார்கள். ராமையாவைக் காணவில்லை. இரண்டு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

விசாரணையில் எட்டுப் பேரும் ஒன்றையே சொன்னார்கள்: நாங்க திரும்பிப் பார்த்தப்ப அவரு இல்லீங்க. அது உண்மை. அதிலிருந்து மற்றவர்கள் எடுத்த முடிவு, அவர் முதலில் குதித்துவிட்டார் என்பது.

குதித்து எங்கே போனார்? மலையகத்தில் அந்தக் காலத்தில் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. இந்தியாவுக்கு. இரு நாடுகளும் செய்த ஒப்பந்தப்படி ராமையா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் வந்திருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏற மூன்று வாரம்தான் இருந்தது. வழக்குக்குப் பயந்து தனியாகப் போய்விட்டார் என்று பேச்சு. குடும்பத் தலைவர் இல்லாமல் மனைவியின் பயணம் நின்றது. அவளும் குழந்தையும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் பல வருடம் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கிடந்தார்கள். இந்தியாவிலிருந்து யார் கடிதம் போட்டாலும் ராமையாவைக் கண்டதாக ஒரு வரி வரும். கூடலூரில் டீக்கடை வைத்திருக்கிறார். கொடைக்கானலில் வேறு கல்யாணம் செய்துகொண்டார்.

"என்னயப் பொண்ணு பாக்க வந்தவங்க மூணு பேரு அத கேட்டுட்டுத்தான் திரும்பிப் போனாங்க" என்றாள் செல்வமணி. "எங்கம்மா இன்னும் பொட்டு வச்சிக்கிட்டுத்தான் இருக்கு. வைக்கலாமா வைக்கக் கூடாதான்னு யாருண்ணே சொல்றது?"

"அம்மா பார்க்க வரலையா?"

"வராது. பாத்து என்னத்த ஆகப்போகுதுன்னு சொல்லுது. நாளைக்குக் காலைல கினிகத்தேனையில இருந்து லொறி வருதாம், பழைய இரும்புக்கு வெட்டி ஏத்திகிட்டுப் போக. அதோட முடிஞ்சுச்சு."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். நான் முக்காலியைப் பத்து அடி இடப்பக்கம் நகர்த்தி, பெரிய லென்ஸை மாட்டி, கமராவை நிமிர்த்தி, பின்பகுதியை மட்டும் நெட்டாக இன்னொரு ஏழு படம் எடுத்தேன். தேவை என்று நினைத்து எடுக்கவில்லை. ஒரு காட்சியை ஒரே இடத்தில் நின்று எடுத்துவிட்டுத் திரும்பக் கூடாது என்ற பழைய பழக்கம்.

ஹட்டனில் என் அறைக்கு வந்து கணினியில் முதல் தொகுதியை ஒன்றாக்கினேன். அந்த வேலையை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அன்றைய தினம்போல் ஒருநாளும் இருந்ததில்லை. முதல் படத்தில் மேகங்கள். இரண்டாவதைச் சேர்க்க மலையின் முதுகு. மூன்றாவதில் துருவின் நிறங்கள்; ஆறாவதில் வாசலின் விளிம்பு. ஏழாவதைச் சேர்த்தபோது, அதுவரை வெறும் கறுப்பாக இருந்த இடத்திலிருந்து ஓர் இயந்திரம், குழாய்கள், தண்ணீர் இறைக்கும் கைப்பம்பு ஒன்று, பாதியளவு வண்டல் என்று ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக வெளிச்சம் படாத அறை. வெளியே அதே நேரத்தில் வெயில் எரிந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க மனிதக் கண்ணால் முடியாது. என் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பம்பின் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. கமராவை அதிக நேரம் திறந்து வைத்தால் அதன் உள்ளேயே சூடேறிச் சிவப்பாக, பச்சையாகப் புள்ளிகள் தோன்றும். அந்தப் படத்தில் அப்படி நாற்பது இருந்திருக்கும். ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அதையும் துடைத்தேன். சந்திக் கடையில் இணைய இணைப்புப் பிடித்துப் படத்தைக் கொழும்புக்கு அனுப்பினேன்.

செய்தி ஆசிரியர் அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். பாராட்டத் தெரியாதவர் என்று பெயரெடுத்தவர்.

"படம் பார்த்தனான். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேலாமல் இருந்தது. முதல் பக்கம்தான். ஆனா இது அகலப் படம் எல்லோ? நெட்டா ஒண்டு இருக்கே?"

இருக்கிறது என்றேன். இரண்டாவது தொகுதியை ஒன்றாக்க உட்கார்ந்தேன். புள்ளிகளைத் துடைத்துக்கொண்டு வந்தபோது பம்பின் பக்கத்தில் மறுபடியும் பச்சை.

விரல் அழுத்தப் போனது. நின்றுவிட்டது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த ஓர் இடத்தை மட்டும் நன்றாகக் கேளுங்கள். கமராவின் கோளாறு கமராவுக்குச் சொந்தம்; படச் சட்டத்தில் ஒரே இடத்தில்தான் அது வரும். நான் முக்காலியைப் பத்து அடி நகர்த்தியிருந்தேன். லென்ஸை மாற்றியிருந்தேன். கமராவை நிமிர்த்திப் பிடித்திருந்தேன். மற்றப் புள்ளிகள் எல்லாம் சட்டத்தில் தங்கள் பழைய இடத்திலேயே இருந்தன. இந்தப் பச்சை மட்டும் பம்போடு போயிருந்தது. அப்படியானால் அது பம்பின் பக்கத்தில் உண்மையாக இருக்கிற ஒரு பொருள்.

பெருப்பித்தேன். ஒரு வளையம். களிம்பேறிய செம்பின் பச்சை. வண்டலில் பாதி புதைந்து நின்றது. அதன் நடுவாக வெளிறிய, மெலிந்த ஒன்று போயிருந்தது.

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். வளையம் அங்கேயே இருந்தது. ஒரு மனிதனின் கடைசி அடையாளமாக இருக்கக் கூடியதை அழகுக்காகத் துடைத்து, முதல் பக்கத்துக்கு அனுப்பியிருந்தேன். மறுநாள் காலையில் லொறி வரப்போகிறது.

கொழும்புக்கு எடுத்தேன். "படத்தை நிற்பாட்டுங்கோ" என்றேன்.

"என்ன விசர்க் கதை? பக்கம் கட்டியாச்சு. நாளைக்கு மற்றப் பேப்பர்காரன் போட்டிடுவான்."

விஷயத்தைச் சொன்னேன். "உமக்கு நிச்சயமோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப ஆருக்கு நிச்சயமாத் தெரியும்?"

"ராமையாவின் மனுசிக்கு."

"பிறகேன் என்னோட கதைச்சுக்கொண்டு நிக்கிறீர்? பஸ்ஸைப் பிடியும்."

அந்த மனிதரிடம் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். நான் கற்றுக்கொண்ட தொழில் தர்மம் முழுவதும் அந்த மூன்று வரிகளில் இருக்கிறது. நிச்சயமா என்று கேட்டார். இல்லை என்றதும் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். பிறகு போகச் சொன்னார்.

பின்னேரக் கொழுந்து நிறுப்பு முடிந்து பெண்கள் லயத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். பஸ்ஸில் வரும்போது ஒன்றைத் தீர்மானித்திருந்தேன். காப்பு என்ற சொல்லை நான் சொல்லக் கூடாது. படத்தைக் காட்டக் கூடாது. நான் சொன்னால் அந்த ஆசையோ பயமோ அந்த அம்மாவின் நினைவைத் திருத்திவிடும்.

ராமையாவின் மனைவி பச்சையம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் வட்டமான குங்குமம். செல்வமணி என்னைக் கண்டதும், "என்னாண்ணே, படம் சரியா விழலியா?" என்றாள்.

"விழுந்திருக்கு. அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்." அவரிடம் திரும்பினேன். "அக்கா, அன்னைக்குக் காலையில அவரு வேலைக்குப் போறப்ப என்ன போட்டிருந்தாருன்னு ஞாபகம் இருக்குங்களா?"

கோடரியை மரக்கட்டையில் கொத்தி நிறுத்தினார். யோசிக்கவில்லை. இருபத்தைந்து வருடமாகத் தினமும் பார்க்கிற ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"காக்கி களுசான். தொரை குடுத்த பழைய சுவெட்டரு, முழங்கையில நான் ஒட்டுப் போட்டது. தலையில சாக்கு. காலுல ஒண்ணுமில்ல." வலக்கை மணிக்கட்டை இடக்கையால் பிடித்துக்காட்டினார். "இங்கன செம்புக் காப்பு. வாத நோவுக்குன்னு எங்கய்யா போட்டுவிட்டது. கழட்ட வராது, கை பெருத்துருச்சு. எதுக்குங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, "உள்ள இருக்காரு" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

"பம்புக்குப் பக்கத்துல, அக்கா. தண்ணி இறைக்க உள்ள போயிருக்காரு போல இருக்கு. நான் நிச்சயமாச் சொல்ல முடியாது. பொலிசு பாத்துத்தான் சொல்லணும்."

மூட்டைகள் வாசலுக்கு நேரே அடுக்கப்பட்டிருந்தன. படகு பின்னால் சாய்ந்தபோது அவை சரிந்து வாசலை அடைத்திருக்க வேண்டும். முன்னால் இருந்த பெண்களுக்கும் அவருக்கும் நடுவில் கொழுந்து மலை ஒன்று இருந்தது; தண்ணீருக்குள் அது பிறகு அழுகிக் கரைந்திருக்கும். காணவில்லை என்று அவர்கள் சொன்னது அதனால்தான்.

செல்வமணி அழுதாள். பச்சையம்மா அழவில்லை. "ஓடல" என்றார். இன்னொரு தடவை, சற்று உரக்க, பக்கத்து வாசல்களுக்கும் கேட்கும்படி, "அந்த மனுசன் ஓடல" என்றார். பிறகு கோடரியைப் பிடுங்கி மிச்ச விறகையும் பிளந்து முடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். கமரா தோளில் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம் என்று இன்றுவரை ஒரு நாளும் தோன்றியதில்லை.

இரவில் போக வண்டி இல்லை; விடியும்போது மூவருமாகப் பொலிஸ் நிலையத்தில் சொல்லிவிட்டுக் கரைக்கு இறங்கினோம். லொறி எங்களுக்கு முன்னமே வந்துவிட்டது. களியின்மேல் பலகை பரப்பி, படகு வரை பாதை போட்டிருந்தார்கள். வெட்டுக் கருவியின் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள். செல்வமணி ஓடிப்போய்ப் பலகையின் முன் நின்றாள். முதலாளி பருத்த சிங்களவர், கோபமாகத்தான் வந்தார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் படகைப் பார்த்தார். பச்சையம்மாவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"மினிஹெக் இன்னவானங் கபன்னே நெஹெ" என்றார். உள்ளே ஒரு மனிதன் இருந்தால் வெட்டமாட்டோம். தன் ஆட்களைச் சிலிண்டரை ஏற்றச் சொல்லிவிட்டு, பலகைகளை மட்டும் அங்கேயே விட்டுப் போனார். அந்தப் பலகைகளின்மேல் நடந்துதான் பொலிசாரும் வைத்தியரும் உள்ளே போனார்கள். இறங்கி வந்த பொலிசார் ஈரத் துணியில் வைத்துக் காட்டிய காப்பைப் பச்சையம்மா தொட்டு, ஆமாம் என்றார்.

படம் இரண்டு நாள் பிந்தி வந்தது. துடைத்த பச்சையைத் திரும்ப வைத்துத்தான் அனுப்பினேன். பத்திரிகைத் தாளில் அது யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனாலும் வைத்தேன். படத்தின் கீழே, வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த ஏழு படங்களைச் சேர்த்தது இது, கண்ணுக்கு இப்படித் தெரியாது என்று எழுதினேன். வாசகனுக்கு அது எதற்கு என்று கொழும்பில் செய்தி மேசையில் ஒருவர் கேட்டாராம். செய்தி ஆசிரியர் அந்த வரியை வெட்டவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு பெரிய அளவில் பிரதி ஒன்று போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பச்சையம்மாவின் நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வானம், மலை, துரு, உள்ளே இயந்திரம், பம்பு.

"உள்ளுக்கு இம்புட்டு வெளிச்சம் இருந்துச்சாங்க?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அதைக் கேட்கத்தான் அவர் விரும்புகிறார் என்று அந்த நொடியில் எனக்குத் தோன்றியது. ஒரு சொல், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அதே படத்தின் கீழ் ஊருக்கெல்லாம் உண்மையை எழுதிவிட்டு, அந்த அம்மாவுக்கு மட்டும் வேறு சொல்ல வாய் வரவில்லை.

"இல்லக்கா. இருட்டாத்தான் இருந்துச்சு. ஏழு தடவை எடுத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நான் சேர்த்தேன்."

"அப்ப இருட்டா எடுத்தது ஒண்ணும் இருக்குங்களா?"

"இருக்கு. அதுல உள்ளுக்கு ஒண்ணுமே தெரியாது."

"அவருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல" என்றார். "அது ஒண்ணு குடுங்க."

ஹட்டன் ஸ்டூடியோவில் பிரதி போடக் கொடுத்தபோது, "அண்ணே, இதுல வானத்தத் தவிர ஒண்ணும் விழலியே" என்று இரண்டு தடவை கேட்டார்கள். போடுங்கள் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். பச்சையம்மா முந்திய படத்தைவிட நீண்ட நேரம் இதைப் பார்த்தார். கறுத்த படகின் பின்புறத்தில், வாசலும் தெரியாத இடத்தில், சரியாக விரலை வைத்தார்.

"இங்கனதான்" என்றார்.